இருபது குழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஆணியில் இரண்டு சாவிக்கொத்துகள் தொங்கும். ஒன்றில் 2 சாவிகள்: வாசல் கதவுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று. மற்றதில் 23 சாவிகள். அது தோப்பு வீட்டுடையது. 12 வருடமாக அம்மாதான் அதை வைத்திருக்கிறாள். கரண்ட் போன இருட்டிலும் விரலால் தடவியே எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று சொல்லிவிடுவாள். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களான கணவன் மனைவிக்கு அது தெரியாது. சென்னையிலிருந்து கிளம்பும்போதே அவர்கள் போன் செய்துவிடுவார்கள். அம்மா போய்த் திறந்து வைக்க வேண்டும்.

பூரணாங்குப்பம் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர். தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே வர வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர் முடிந்ததும் தென்னையும் சவுக்கும்தான். காற்று அடித்தால் சவுக்குத் தோப்பு இரைகிற இரைச்சலில் கடல் பக்கத்திலேயே வந்துவிட்டதுபோல இருக்கும். இப்போது அங்கே வரிசையாக மதில்கள். உள்ளே சனி, ஞாயிறுகளில் மட்டும் கார்கள் நிற்கின்றன. கேட்டில் பிரெஞ்சுப் பெயர்கள். தோப்பு வீட்டு கேட்டில் இருக்கும் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதாக எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா சொல்வார். யாரும் அதை வீட்டுக்காரர் காதில் போட்டதில்லை. எங்களுக்கு அது எப்போதும் தோப்பு வீடுதான்.

அந்தத் தோப்பு என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் வீட்டைப் பற்றி.

6 படுக்கையறைகள், 7 கழிப்பறைகள், ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றிப் புல்தரை. சொந்தக்காரர்கள் வருடத்தில் 30 நாள் வந்து தங்கினால் அதிகம். மற்ற வார இறுதிகளில் சென்னை, பெங்களூருக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஓர் இரவுக்கு 28,000 ரூபாய். அம்மாவின் சம்பளம் மாதம் 9,000. மூன்று மாதம் அவள் பெருக்கினால் ஒரு சனிக்கிழமை ராத்திரி வரும், அதற்கும் ஆயிரம் குறையும்.

ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன வேலை என்று கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் வேலை அதிகம் என்றாள். உப்புக்காற்று எதையும் விடாது. ஏ.சி. வெளிப்பெட்டி துருப்பிடித்து உதிரும். திறக்காத பூட்டு இறுகிவிடும். மூடிய அறையில் மெத்தை பூஞ்சணம் பூக்கும். தினமும் ஜன்னல்களைத் திறந்து காற்று விட்டு, சாயங்காலம் மூட வேண்டும். யாரும் போகாத 7 கழிப்பறைகளிலும் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றி, கீழே இருக்கிற நாற்றம் மேலே வந்துவிடும். எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டியது நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அதுவரை எனக்கும் அம்மாவுக்கும் சவுக்குத் தோப்புதான், அதுவும் இருட்டிய பிறகு. இன்று அவள் யாரும் போகாத கழிப்பறைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

இந்தியாவின் பணக்காரர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று கேட்டால் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் கிடைக்கும். மும்பையில் மலபார் ஹில், ஆல்டமவுண்ட் சாலை. டெல்லியில் லுட்யன்ஸ் பகுதி. ஐதராபாத்தில் ஜூபிலி ஹில்ஸ். சென்னையில் போட் கிளப், போயஸ் தோட்டம். ஆல்டமவுண்ட் சாலையில் முகேஷ் அம்பானி குடும்பத்துக்கு 27 மாடி வீடு 2010-இல் எழுந்தது. அவர்கள் வாழாத வீடுகளுக்கும் ஒரு பட்டியல் போடலாம். மும்பைக்கு அலிபாக், டெல்லிக்குச் சத்தர்பூர் பண்ணை வீடுகள், சென்னைக்கு ஈஞ்சம்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை கிழக்குக் கடற்கரைச் சாலை. அது நிரம்பியபோது சாலை தெற்கே நீண்டு எங்களிடம் வந்தது.

தாமஸ் பிக்கெட்டியும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2022-23-இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்ததாகச் சொல்கிறது. வருமானத்தில் அவர்கள் பங்கு 22.6 சதவீதம். கீழ்ப்பாதி மக்கள் எல்லோருக்கும் சேர்ந்து கிடைத்த வருமானம் 15 சதவீதம். நான் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிய நாளில் மாணவிகள் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. அதே 2024 ஜூலையில் மும்பையில் நடந்த அம்பானி வீட்டுத் திருமணத்தை அவர்கள் போனில் பார்த்திருந்தார்கள். என் அம்மாவும் டி.வி.யில் பார்த்தாள். வைரத்தையோ பாட்டையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "இவ்ளோ பாத்திரத்த யாரும்மா கழுவுவாங்க?"

தோப்பு வீட்டு முன்தாழ்வாரத்தில் 4 தேக்குத் தூண்கள் இருக்கின்றன. காரைக்குடியிலிருந்து லாரியில் வந்தவை. கூடத்தில் ஆத்தங்குடி ஓடு. அந்த ஓடு நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் மின்னும். ஆள் நடக்காத வீட்டில் அது மங்கும். அதனால் அம்மா வாரம் ஒருமுறை தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, மண்டியிட்டுத் துடைப்பாள். 

அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பது மாணவிகளைச் செட்டிநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. கானாடுகாத்தானில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளைப் பார்த்தோம். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு. முன்கட்டில் ஆண்களின் தொழில் பேச்சு. உள்கட்டுகளில் சமையலும் பெண்களும். இவ்வளவுக்கும் பணம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கு விட்டதில் வந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்தது; விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. ஏட்டில் சொத்தாக இருந்தது ஏட்டோடு போனது.

மிஞ்சியது வீடும் சாமானும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள், வெண்கல உருளிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குச் சீராக வண்டி வண்டியாய் வந்து மாடியில் அடுக்கி வைத்த பாத்திரங்களைப் போன்றவை. "இதெல்லாம் வீண் செலவுதானே மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். ரங்கூன் நிலம் போய்விட்டது. உருளிக்கு இன்னும் விலை இருக்கிறது.

இனி தோப்பின் கதை.

தாத்தா 1995-இல் உயில் எழுதாமல் இறந்தார். 80 குழி தென்னந்தோப்பு. வாரிசு நான்கு பேர்: ஆயா, மாமா, அம்மா, சின்னம்மா. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் முதல் புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிக்கொண்ட ரெனோன்சான்கள் மட்டும் அதற்கு விலக்கு. நாங்கள் அவர்களில் இல்லை. அந்தச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. ஆளுக்கு 20 குழி. அம்மா பிறப்பதற்கு முன்பே சட்டம் அதைச் சொல்லிவிட்டது. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

1996-இல் மாமா எல்லோரையும் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது 7 வயது. ரைட்டர் பத்திரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார். அம்மா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வேகமாகவே படிப்பாள். ஆனால் அன்று படிக்கவில்லை. குறி இருந்த இடத்தில் மட்டும் எழுதினாள். அது விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கத்தில் பெண்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு அதுதான் பெயர். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று நான் பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன். பிறர் தூண்டுதல் இல்லாமல், முழு மனதோடு, தொகை பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது. தொகை என்பது ஒரு பட்டுப்புடவையும் 5,000 ரூபாயும். மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அந்த நாளை நான் வெகுகாலம் சந்தோஷமான நாளாகத்தான் நினைவில் வைத்திருந்தேன்.

மாமா கெட்டவர் இல்லை. வருடம் தவறாமல் பொங்கல் வரிசை கொண்டு வருவார். ஒரு ஜோடிக் கரும்பு, பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், மஞ்சள் கொத்து, ஒரு நூல் புடவை. அப்பா வேலை பார்த்த மில் படுத்துச் சம்பளம் நின்றுபோன வருடத்திலும் வந்தார். அம்மாவுக்கு அந்த வரிசை வீட்டு வாசலில் இறங்கும்போது முகமே மாறும். தெருவே பார்க்கும். அண்ணன் இருக்கிறான், கேட்க ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 29 பொங்கல் வரிசைகளையும் அந்தந்த வருட விலைக்குக் கூட்டினால் 25,000 ரூபாயைத் தாண்டவில்லை. 2007-இல் மாமா தோப்பை விற்றபோது குழி 30,000 என்று போனது. அம்மாவின் 20 குழிக்கு மட்டும் 6 லட்சம். விற்ற பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால் மாமா சொல்வார்: "பொண்ணு கல்யாணம் தின்னுடுச்சு." மாமா மகளுக்கு 40 பவுன் போட்டார்கள். அந்த 40 பவுனில் இன்று அவளிடம் தாலிச்சங்கிலி மட்டும் இருக்கிறது. மாமா அதே பணத்தில் கட்டிய மாடிவீடு மகன் பெயரில் இருக்கிறது. அதை யாரும் "பையன் தின்னுட்டான்" என்று சொல்வதில்லை.

வாங்கியவர் சில வருடம் தோப்பை அப்படியே போட்டு வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை மரங்கள் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த தென்னைகளில் பாதிக்கு மேல் விழுந்தன. அதன் பிறகு இடம் கைமாறி, வீடு எழும்பியது. 2013-இல் அந்த வீட்டைப் பெருக்க ஆள் தேடினார்கள். மில் இல்லாத அப்பா, வேலை தேடும் தம்பி. அம்மா போனாள்.

என் பாடத்தில் முதல் வருட மாணவிகளுக்கு அடிப்படையாக ஒன்று சொல்லித் தர வேண்டும். முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. நிலம் வாங்கினால் அது சொத்தாக ஏட்டில் நிற்கும். சம்பளம், பழுதுபார்ப்பு, துடைப்பம், சோப்பு எல்லாம் அந்த வருடத்தோடு தீர்ந்துவிடும். ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மிஸ், வரதட்சணை முதலினச் செலவா, வருவாயினச் செலவா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கொடுக்கிற அப்பாவின் ஏட்டில் அது பெண்ணால் வந்த செலவு. வாங்குகிறவன் ஏட்டில் அது சொத்து. நடுவில் நிற்கிற பெண்ணுக்கு ஏடே கிடையாது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற கணக்கும் இல்லை, இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. பூரணாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய இடம். ரோமானியரின் மதுச்சாடித் துண்டுகளும் உள்ளூரில் செய்த கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. ஏறத்தாழ 2,000 வருடத்துக்கு முன் ரோமாபுரிப் பணக்காரர்கள் இந்தியப் பொருள்களுக்குக் கொட்டிய பணத்தைப் பற்றி அங்கே பிளினி என்ற அறிஞர் அங்கலாய்த்தார். வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்கும் சொன்னார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து 10 கோடி என்று சொன்ன இடத்தில் அதற்கான பழியை ஆடம்பரத்தின் மீதும் பெண்கள் மீதும் போட்டார். கப்பல் யாருடையது, தோட்டம் யாருடையது, அடிமைகள் யாருடையவர்கள் என்பதற்கு அந்த வரியில் இடமில்லை. 

நம் காலத்தில் 1996 டிசம்பர். போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா வீட்டில் சோதனை நடந்தது. வழக்கின் கணக்கில் நிலங்களும் கட்டடங்களும் கம்பெனிகளும் இருந்தன. ஊர் நினைவில் நின்றது புடவைகளும் செருப்புகளும். முறைகேட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எந்த ஆண் அமைச்சர் வீட்டுச் சோதனையிலும் வேட்டிகளை எண்ணிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. 

பெண்ணின் செலவு கண்ணை உறுத்துகிறது. ஆணின் சொத்து சத்தமில்லாமல் கைமாறுகிறது. 1985-இல் இந்திய அரசு வாரிசுச் சொத்து மீதான வரியை எடுத்தது. 2015-இல் செல்வ வரியையும் எடுத்தது. பெரிய வீடுகளில் அப்பனுடையது பிள்ளைக்குப் போகும்போது அரசாங்கம்கூட இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பிடிகளில் பெண்கள் பெயரில் இருப்பவை ஏறத்தாழ 14 சதவீதம். வயலில் நிற்கிற பெண்களை எண்ணினால் வேறு எண் வரும். 

தோப்பு வீட்டு மேடத்தை நான் ஒருமுறைதான் தனியாகப் பார்த்தேன். ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை, டிரைவர்கூட இல்லாமல் அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் போயிருந்தேன். டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்றதும் நாற்காலியை இழுத்து என்னையும் உட்காரச் சொன்னார். வீடு அழகாக இருக்கிறது என்று ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "என் பேர்லதான் இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "பத்திரத்த நான் பார்த்ததில்ல. எங்க சைன் பண்ணணும்னு ஆடிட்டர் பென்சில்ல மார்க் போட்டு அனுப்புவாரு" என்றார். மறுநாள் விடியற்காலை கிளம்பிவிட்டார். எதற்கு வந்தார் என்று தெரியாது.

அந்தப் பென்சில் குறி என்னை ஆட்டிவிட்டது உண்மை. அதற்காக அவரையும் என் அம்மாவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர் புறப்பட நினைத்தால் புறப்படலாம். காருக்குப் பெட்ரோல் இருக்கிறது, போக வேறு வீடு இருக்கிறது. அவர் தூங்கிய மெத்தை விரிப்பை மறுநாள் துவைத்தது நான். வீட்டுவேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களைப் போல உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. மேடம் நல்லவர், தீபாவளிக்குப் புடவை தருவார். அம்மாவுக்கு வார விடுமுறை கிடையாது.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருக்கென்று இருந்தது நாங்கள் வளர்ந்த வீடும் மனையும், 6 குழி. ஆவணி மாதத்தில் தம்பி ஒரு பத்திர நகலோடு வந்தான். நான் வில்லியனூரிலிருந்து போயிருந்தேன்.

"மேல ரெண்டு ரூம் எடுத்து சனி ஞாயிறுல வாடகைக்கு விடலாம்க்கா. இப்ப நம்மூர்ல எல்லாரும் அதான் பண்றாங்க. லோனுக்கு ஒரே பேர்ல இருந்தாதான் சுலபம்" என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள்.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "போட்டுக் குடுத்துடும்மா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவந்தான வந்து நிக்கணும்."

எனக்கும் தயக்கம் இருந்தது. 2 குழியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? நான் பாகம் கேட்டேன் என்று தெரிந்தால் என் மாமியார் வீட்டில் அதற்கு வேறு கணக்குப் போடுவார்கள். தம்பி குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு வகுப்பில் செய்வதுபோல முதல் பக்கத்திலிருந்து படித்தேன். விட்டுக்கொடுப்பவர் இருவர். பென்சிலால் பெருக்கல் குறிகள், என் பெயருக்கு இரண்டு, அம்மா பெயருக்கு இரண்டு.

"அம்மா, இதுல நீயும் கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"நான் எதுக்கு?"

"உனக்கும் பங்கு இருக்கு. மூணுல ஒண்ணு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எத்தன குழி?"

"ரெண்டு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 29 வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டாள். "அந்தத் தோப்புல எனக்கு எத்தன வந்துச்சு?"

"இருபது."

"இருபதுன்னா எம்மாம் பெருசு? அந்த நீச்சல் குளம் இருக்கிற இடம் வருமா?"

"குளமும் வரும். சுத்தி இருக்கிற புல்லுத்தரையும் வரும்."

"காலையில அதத்தான் பெருக்கிட்டு வந்தேன்" என்றாள்.

தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா நகலை மடித்து, பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் வைத்தாள். "கொஞ்ச நாள் போவட்டும்டா. நீ ரூம் எடு, வேணாங்கல. மூணு பேர் பேர்லயும் இருக்கட்டும். லோனுக்கு மூணு பேரும் வந்து கையெழுத்துப் போடுறோம்" என்றாள். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். 

அம்மா இப்போதும் தோப்பு வீட்டுக்குப் போகிறாள். 23 சாவிகள் ஆணியில்தான் தொங்குகின்றன. தம்பி அம்மாவிடம் பேசுகிறான். என்னிடம் இன்னும் பேசவில்லை. இந்தப் பொங்கலுக்கு மாமா வழக்கம்போல அம்மாவுக்கு வரிசை கொண்டுவந்து இறக்கினார். எனக்குத் தம்பியிடமிருந்து வரவில்லை. வில்லியனூரில் என் மாமியார் வாசலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. காணும் பொங்கலன்று ஊருக்குப் போனேன். அம்மா தன் ஜோடிக் கரும்பில் ஒன்றை எடுத்து நடுவில் வெட்டி, பஸ்ஸில் எடுத்துப்போக வாகாகக் கட்டிக் கொடுத்தாள். 

பத்திர நகல் பீரோவில் இருக்கிறது. பென்சில் குறிகள் நான்கும் அப்படியே இருக்கின்றன.